முப்பத்தொன்று புள்ளி ஆறு

சுமியேவை வேலைக்கு வைத்தவர்கள் பதினாறு வருடங்களுக்கு முன்பே கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதை அவளிடம் வந்து சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

மாகாண மீன்வள அலுவலகம் மூன்று வருடத் திட்டம் ஒன்று கொண்டுவந்திருந்தது. உராசே வளைகுடாவில் அழிந்துபோன கடற்புல்லைத் திரும்ப வளர்க்க வேண்டும்; கடல் எவ்வளவு சூடாகிறது, புல் எவ்வளவு பிடிக்கிறது என்று உள்ளூர் ஆள் ஒருவர் வாராவாரம் பார்த்து எழுத வேண்டும். எங்கள் ஊரில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். புதன்கிழமை ஓய்வாக இருந்தது சுமியே ஒருத்திதான். பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலை அவளுக்கு. ஆகவே அவள் தலையில் கட்டினார்கள். ஒரு வெப்பமானி, ஒரு வாளி, ஒரு மீட்டர் சதுரத்தில் இரும்புச் சட்டம், பச்சை அட்டை போட்ட நோட்டு. மூன்று வருடம் முடிந்ததும் நன்றிக் கடிதம் வந்தது; நிறுத்து என்று அதில் ஒரு வரி இல்லை. வெப்பமானியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பாள். கேட்காததால் அடுத்த புதன்கிழமையும் படகுத்துறைக்குப் போனாள். பத்தொன்பது வருடமாகப் போய்க்கொண்டே இருக்கிறாள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வயதில் ஒசாகாவுக்குப் போய், பிஸ்கட் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் திரும்பி வந்தாள். ஒசாகாவில் ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார். அவர் ஒருமுறை உராசேவுக்கு வந்து பார்த்தார். மலையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், படுக்கையில் கிடந்த மாமனாரைப் பார்த்தார், மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தார். அப்பா எட்டு வருடம் படுத்திருந்து போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேசுவதற்குத் தொலைக்காட்சியும், ஏழு மணிக்கு நகராட்சி ஒலிபெருக்கியில் வரும் பாட்டும்தான்.

அவள் வீடு ஊரின் கடைசி வீடு. பதினான்காவது. அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி, ஆரஞ்சுத் தோட்டத்துக்குக் கீழே தனியாக நிற்கும். காலை ஏழு பத்து பஸ்ஸில் போய், ஆறு மணி பஸ்ஸில் வருவாள். ஊர் விழித்திருக்கும் நேரமெல்லாம் அவள் பக்கத்து ஊரில் படுக்கை விரிப்புகளோடு இருப்பாள். துவைக்கும் இயந்திரங்கள் போடும் இரைச்சலில் அங்கேயும் யாரும் பேசிக்கொள்வதில்லை.

சுற்றுப்பலகையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. குப்பை எடுக்கும் நாள், வாய்க்கால் சுத்தம் செய்யும் நாள், சாவு, மருத்துவ முகாம் எல்லாம் ஒரு அட்டைப் பலகையில் செருகி வீடு வீடாகச் சுற்றிவரும். மேலே பதினான்கு குடும்பப் பெயர்களும் பெயருக்கு ஒரு கட்டமும் போட்ட தாள் இருக்கும். படித்தவர் தன் கட்டத்தில் சிறிய பெயர் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் கதவில் சாய்த்துவிட்டுப் போகலாம். புதன்கிழமை மாலை தலைவர் ஒகிமுராவின் வீட்டிலிருந்து கிளம்பும் பலகை வெள்ளிக்கிழமைக்குள் சுமியேயின் கதவில் சாய்ந்திருக்கும். எப்போதும் சாய்ந்துதான் இருக்கும். கொண்டுவந்தவர் யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. கடைசி வீடு என்பதால் முத்திரைத் தாள் அவளிடமே தங்கிவிடும்; பலகையை மட்டும் அடுத்த புதன்கிழமை ஒகிமுரா வாசலில் வைத்துவிட்டு வருவாள்.

அரசாங்கத் திட்டம் முடிந்தபோது, எழுதிய எண்ணை யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் அவள் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பலகையில் செருகிவிட்டாள். ‘புதன், காலை 8. நீர் 14.3. புல் ஒரு சதுரத்துக்கு 58 தண்டு.’ அவ்வளவுதான். ஒகிமுரா வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் யாராவது வாயைத் திறக்க வேண்டும். அந்தப் பழக்கம் எங்கள் ஊரில் குறைவு.

அப்படி வாயைத் திறந்த ஒரு நாளை ஊர் மறக்கவில்லை. திட்டத்தின் மூன்றாம் வருடம் கூட்டம் நடந்தது. வளைகுடாவுக்குள் இழுவலை போடலாமா கூடாதா என்று பேச்சு. பேச்சு என்றால் எல்லோரும் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுமியே எழுந்து நோட்டைப் பிரித்து வாசித்தாள். வலை இழுத்த இடத்தில் நான்கு தண்டு. இழுக்காத இடத்தில் அறுபத்தொன்று. அதோடு உட்கார்ந்துவிட்டாள். வளைகுடாவுக்குள் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் யோஹேய் ஒருவர்தான். இறாலும் கடல் வெள்ளரியும் பிடிப்பார். “அப்ப அதுதான் முடிவு,” என்றார் அன்றைய தலைவர். யோஹேய் எழுந்தார், செருப்பை மாட்டினார், போனார். வலையை விற்றுவிட்டு வெளிமுனையில் மூங்கில் மிதவை கட்டிச் சிப்பி வளர்க்கத் தொடங்கினார். அன்றிலிருந்து சுமியேவிடம் ஒரு வார்த்தை இல்லை. வழியில் எதிரே வந்தால் தலையை அரை அங்குலம் சாய்ப்பார், அவ்வளவுதான். அவர் தன்னை வெறுக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதில் நியாயம் இருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டாள்.

போன மே மாதம் கியோத்தோவிலிருந்து தெராஷிமா என்ற பெண் பேராசிரியர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் துண்டு, காலில் எங்கள் ஊருக்குப் பொருந்தாத வெள்ளைச் செருப்பு. ஊர்க்காரர்களே கூடிக் கடலைக் காப்பாற்றிய ஊர்களைப் பற்றி ஆராய்கிறாராம். கடற்புல் திரும்பி வந்த ஊர் என்று உராசேயின் பெயர் அவர் காதில் விழுந்திருக்கிறது. ஊர்க் கூடத்தில் தேநீரும் அரிசி முறுக்கும் வைத்து உட்கார்ந்தோம். தலைப்பைக் கரும்பலகையில் எழுதினார்: குவாண்டம் சமூகக் கோட்பாடு. எழுதியதைப் பார்த்ததும் பாதிப் பேர் முறுக்குப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

“அணுவுக்கும் சின்னதா உள்ள போனா, ஒரு பொருள் இப்படித்தான் இருக்குன்னு சொல்ல முடியாதுங்க,” என்றார் தெராஷிமா. “ஒருத்தர் அதைப் பாக்குறப்பத்தான் அது ஒரு நெலைக்கு வரும். பாக்குறவங்க வேற, பொருள் வேறன்னு பிரிக்க முடியாது.”

பின்வரிசையிலிருந்து யோஹேய், ஆசிரியரைக் கூப்பிடும் மரியாதையோடு கேட்டார். “சென்செய், அப்ப நான் பாக்கலைன்னா மீன் இருக்காதா? நான் பாத்தாலும் இருக்க மாட்டேங்குதே, அதுக்கு ஏதாவது கோட்பாடு வெச்சிருக்கீங்களா?”

கூடம் சிரித்தது. தெராஷிமாவும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். “மனுஷங்களையும் தனித்தனி கோலிக்குண்டுன்னே நெனச்சுப் பழகிட்டோம். ஒண்ணு போய் இன்னொண்ண இடிச்சாத்தான் நகரும்னு. அப்படி இல்லைன்னு சொல்றாங்க. பேச்சால, பழக்கத்தால, மனசுல வெச்சிருக்குற அர்த்தத்தால எல்லாரும் பின்னிக் கெடக்குறோம். இங்க ஒருத்தர் செய்யுறது, தொடாமலே அங்க ஒருத்தர அசைக்கும். பூமியே சூடாகுது, நான் ஒருத்தி என்னத்த செஞ்சுடப் போறேன்னு கேக்குறோமே, அந்தக் கேள்வியிலதான் கோளாறு.”

“எங்க வீட்டுக்காரரு தொட்டாலே அசைய மாட்டாரு,” என்றாள் யோஹேயின் மனைவி தமாயோ. “தொடாம அசைப்பீங்களா? நீங்க ரெண்டு நாள் எங்க வீட்ல வந்து தங்கணும் சென்செய்.”

மறுநாள் புதன்கிழமை. காலையில் தெராஷிமா படகுத்துறைக்கு வந்துவிட்டார். சுமியே வாளியை இறக்கி, நீரை மொண்டு, வெப்பமானியை அதற்குள் விட்டு, இரண்டு நிமிடம் காத்திருந்து, குனிந்து பார்த்து எழுதினாள். 18.1. நீர் வடிந்த பிறகு சட்டத்தைச் சேற்றில் வைத்துத் தண்டுகளை எண்ணினாள். வெள்ளைச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெராஷிமாவும் சேற்றில் நின்றார்.

“இதை யாரு படிக்கிறாங்க சுமியே-சான்?”

“யாரும் இல்லைங்க.”

“எப்படித் தெரியும்?”

சுமியே சட்டத்தை அலசினாள். “யாரும் ஒண்ணும் சொன்னதில்லைங்க. பத்தொம்பது வருஷமா.”

“எனக்கென்னவோ இந்த ஊரே உங்க எண்ணோட பின்னிக் கெடக்குற மாதிரி தோணுது,” என்றார் தெராஷிமா. “நான் எழுதப்போற கட்டுரையில நடுவுல நிக்கப்போறது நீங்கதான்.”

சுமியேவுக்குச் சிரிப்பு வந்தது. படித்தவர்களுக்கு என்னவெல்லாம் தோன்றுகிறது என்று நினைத்தாள். ஆனால் பஸ் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. எப்படித் தெரியும்? உண்மைதான், எப்படித் தெரியும்? அதுவரை அவள் தனிமையை ஒரு வேலையைப் போலச் செய்துகொண்டிருந்தாள். அதில் குறை கண்டுபிடிக்க நேரம் இருந்ததில்லை. இப்போது ஒருவர் வந்து, உன் பக்கத்தில் ஆட்கள் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. சோற்றில் ஊறுகாய்ப் பிளம்மை வைத்துக்கொண்டு, பலகை இப்போது யார் வீட்டில் இருக்கும், சீட்டைப் புரட்டுவார்களா, அப்படியே முத்திரையைக் குத்தித் தள்ளிவிடுவார்களா என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

ஜூலையில் ஒருநாள் வேண்டுமென்றே எண்ணை எழுதாமல் விட்டாள். ‘புதன், காலை 8. நீர்’ என்று எழுதி, அதோடு நிறுத்திவிட்டாள். பலகை வெள்ளிக்கிழமை கதவில் சாய்ந்திருந்தது. பதின்மூன்று முத்திரை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரம் தமாயோ அவள் வீட்டுப் பக்கம் எதற்கோ வந்து, கொடியில் துணி காய்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். சுமியேவுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

ஆகஸ்டில் வெயில் கொளுத்தியது. மூன்றாவது புதன்கிழமை வெப்பமானியில் இருந்தது 27.6. துறையில் யாருமில்லை. சீட்டில் எழுத உட்கார்ந்தவள் 31.6 என்று எழுதினாள்.

ஏன் எழுதினாள் என்று கேட்டால் ஒரே பதில்தான். முப்பத்தொன்றுக்காவது யாராவது வாயைத் திறப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். உராசே கடலில் அப்படி ஒரு எண்ணை யாரும் கண்டதில்லை. ‘என்ன சுமியே, இவ்வளவா?’ என்று ஒருவர் கேட்டால் போதும். கேட்டதும், ஐயோ தவறி எழுதிவிட்டேன் என்று சொல்லித் திருத்திவிடலாம். அவ்வளவு சின்ன ஆசைதான். பச்சை நோட்டிலும் அதே எண்ணை எழுதினாள், சீட்டும் நோட்டும் வேறுபட்டால் அசிங்கம் என்று. பொய் சொல்வதிலும் ஒழுங்கு பார்க்கிறவள் அவள்.

வெள்ளிக்கிழமை பலகை வந்தது. பதின்மூன்று முத்திரை. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, யாரும் வரவில்லை. அடுத்த புதன் 27.9 என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். தெராஷிமா சென்செய்க்கு இனி நிச்சயமாகப் பதில் சொல்லலாம் என்று நினைத்தாள். யாரும் படிக்கவில்லை. அன்று மாலை அவள் சமைக்கவில்லை.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை காய்கறி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. முள்ளங்கி வாங்கப் போன இடத்தில் தமாயோ நின்றிருந்தாள். முகம் வாடியிருந்தது.

“சிப்பி எப்படிங்க இந்த வருஷம்?” என்று கேட்டுவைத்தாள் சுமியே.

“எங்கங்க சிப்பி? மூணு மிதவையிலயும் முக்காவாசி வாயைப் பொளந்துகிட்டுக் கெடக்கு.” தமாயோ முள்ளங்கியைக் கையில் உருட்டினாள். “ஆகஸ்ட்ல ஒரு வாரம் தண்ணி ரொம்பக் கொதிச்சுதே, அப்ப செத்தது. மேல சூடுன்னு இவரு சிப்பி தொங்குற எல்லாக் கம்பியையும் எட்டு மீட்டர் கீழ எறக்கினாரு. கீழ தண்ணி கெட்டுக் கெடந்திருக்கு. மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. மத்த சிப்பிக்காரங்க எல்லாம் ரெண்டு மீட்டரோட நிறுத்திட்டாங்க, தப்பிச்சாங்க.”

“எதுக்கு எட்டு?”

“நானும் அதைத்தான் கேட்டேன். இவ்வளவு வேண்டாம், கையை விட்டுப் பாத்தா அப்படி ஒண்ணும் சூடு தெரியலையேன்னேன். உன் கை என்ன வெப்பமானியா, சுமியே முப்பத்தொண்ணு புள்ளி ஆறுன்னு எழுதியிருக்கா, அவ எண்ணு தப்பாதுன்னாரு. அதுக்கு மேல அவருகிட்ட யாரு பேசுறது?” தமாயோ பெருமூச்சு விட்டாள். “விடுங்க. வெயில் காலம். நாம என்ன பண்ண முடியும்?”

சுமியே முள்ளங்கியை வண்டியிலேயே வைத்துவிட்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, செருப்பு கழற்றும் இடத்திலேயே உட்கார்ந்தாள். அவர்கள் படித்திருக்கிறார்கள். எல்லோரும் படித்திருக்கிறார்கள். இரண்டு மீட்டர் இறக்கியவர்களும் படித்துவிட்டுத்தான் இறக்கியிருக்கிறார்கள். பத்தொன்பது வருடம் ஏங்கிய செய்தி கையில் வந்து விழுந்தது. வந்த வழிதான் இப்படி. அவளுக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் தன்னைப் பிறகு மன்னிக்கவே இல்லை.

சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் கோடையில் உள்கடலில் வேறு பல ஊர்களிலும் சிப்பி செத்தது. பழியைச் சூரியன் சுமந்துகொள்ளும். சொன்னால், அன்றோடு அவள் எண்ணுக்கு மதிப்பு போய்விடும். 31.6 மட்டும் போனால் பரவாயில்லை. பத்தொன்பது வருடமும் போய்விடும். ஒருமுறை பொய் எழுதியவள் எத்தனை முறை எழுதினாளோ என்றுதானே கேட்பார்கள்? தன்னையும் ஊரையும் கட்டியிருந்த கயிறு இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. தெரிந்த கையோடு அதைத் தானே அறுக்க வேண்டும். அவளால் முடியவில்லை. ஒரு மாதம் சும்மா இருந்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் எழுதிய எண்கள் எல்லாம் சரியானவை. ஒவ்வொன்றையும் மூன்று முறை பார்த்து எழுதினாள்.

நவம்பரில் தெராஷிமாவிடமிருந்து தொலைபேசி வந்தது. குரலில் உற்சாகம் பொங்கியது. “சுமியே-சான், செப்டம்பர்ல நான் கேட்டு நீங்க அனுப்பின நோட்டு நகலெல்லாம் பாத்தேன். ஆகஸ்ட்ல முப்பத்தொண்ணு புள்ளி ஆறு! பத்தொம்பது வருஷத்துலயே இதுதான் உச்சம். கட்டுரையோட முதல் வரியே இதுதான். வெளிநாட்டுக்கெல்லாம் போகப்போகுது.”

சுமியே தொலைபேசிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “சென்செய், அது பொய்.”

“என்னது?”

“அந்த எண்ணு பொய். இருவத்தேழு புள்ளி ஆறு. நான்தான் மாத்தி எழுதினேன். யாராவது படிக்கிறாங்களான்னு பாக்கணும்னு தோணுச்சு.”

கடல் சூடாகவில்லை என்று வாதாடுகிறவர்கள் ஒரு பொய் எண்ணுக்காகக் காத்திருக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று தெராஷிமாவுக்குத் தெரியும். “எடுத்துடுறேன்,” என்றார். “சொன்னதுக்கு நன்றி.” பிறகு தாழ்ந்த குரலில், “எப்படித் தெரியும்னு நான்தான் கேட்டுவெச்சேன், இல்ல?” என்றார். “ஊருக்குச் சொல்லிட்டீங்களா?”

“இல்லைங்க.”

தெராஷிமா விடைபெற்றுத் தொலைபேசியை வைத்துவிட்டார். புத்தி சொல்லியிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருக்கலாம் என்று சுமியே நினைத்தாள்.

அந்தப் புதன்கிழமை சீட்டில் நீரின் எண்ணுக்குக் கீழே நான்கு வரி எழுதினாள். ‘ஆகஸ்ட் மூன்றாம் புதன் நான் எழுதிய 31.6 பொய். உண்மை 27.6. வேண்டுமென்றே எழுதினேன். இவாமி யோஹேய் வீட்டுச் சிப்பி செத்தது என்னால்தான்.’ நேரில் போய் மண்டியிட்டுச் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அவர் வீட்டு வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பியவள் அவள். பதினாறு வருடம் பேசாத மனிதரிடம் முதல் வார்த்தையாக இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே வழி பலகைதான்.

வெள்ளிக்கிழமை பலகை கதவில் சாய்ந்திருந்தது. பன்னிரண்டு முத்திரை. ஆறாவது கட்டம், இவாமி, காலி.

பழைய தாள்களை அவள் பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பது வழக்கம். எதற்கென்று தெரியாமலே செய்வது. அன்று டப்பாவைக் கவிழ்த்தாள். தாள் தாளாக ஆறாவது கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். மற்ற வீடுகள் அங்கங்கே விட்டிருந்தன. ஊருக்குப் போயிருப்பார்கள், மறந்திருப்பார்கள், சில கட்டங்களில் முத்திரை தலைகீழாக இருந்தது. இவாமி ஒருமுறைகூட விடவில்லை. கூட்டத்திலிருந்து எழுந்து போன பிறகு அவள் சீட்டுச் செருகிய முதல் வாரம்கூட, கட்டத்தின் நடுவில் நேராகச் சிவப்பு முத்திரை. தன் எண்ணைப் பிறர் பார்க்கவில்லை என்று குறைப்பட்டவள், பிறர் குத்தியதைத் தான் ஒருநாளும் பார்த்ததில்லை. தரையெல்லாம் தாள் பரந்து கிடக்க, அவள் அழுதாள்.

அடுத்த புதன்கிழமை காலை துறையில் குளிர்காற்று அடித்தது. வாளியை இறக்கும்போது பின்னால் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. யோஹேய். அறுபத்தேழு வயது, முகம் கறுத்து, கைகள் இரண்டும் மேலங்கியின் பைக்குள்.

சுமியே வாளியை விட்டுவிட்டுக் கான்கிரீட்டில் மண்டியிடப் போனாள்.

“ஏய், எந்திரி! நாடகம் எல்லாம் வேண்டாம். நின்னு கேளு.” குரல் துறை முழுக்க எதிரொலித்தது. “உனக்குப் புத்தி இருக்கா? மூணு மிதவை! மூணு மிதவை போச்சு எனக்கு. ரெண்டு வருஷம் வளத்த சிப்பி. ஒரு எண்ணை வெச்சு வெளையாடுவியா நீ? வெளையாடணும்னா வீட்ல பூனை வளத்து அதோட வெளையாடு!”

“தப்புதாங்க.”

“தப்பா? தப்புன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி இருவத்தொம்பது புள்ளி மூணுன்னு எழுதினே. நாலு மீட்டர் எறக்கினேன். ஊர்ல எல்லாருக்கும் செத்துச்சு, எனக்குப் பொழச்சுச்சு. புயலடிச்ச வருஷம் நீ பென்சில்ல எழுதினே, மழையில அழிஞ்சு ஏழா ஒண்ணான்னு தெரியல. ஒகிமுரா வீடு வரைக்கும் நனைஞ்சுகிட்டே போய்க் கேட்டேன். புல்லு நூறைத் தாண்டின வாரம், தமாயோ விசேஷத்துக்குப் பொங்குற மாதிரி சிவப்பு அவரை போட்டுச் சோறு பொங்கினா, தெரியுமா? நீ ஜூலையில எண்ணு எழுதாம விட்டியே, செத்துக்கித்துப் போயிட்டாளோன்னு அவளை அனுப்பி உன் வீட்டுக் கொடியில துணி காயுதான்னு பாக்கச் சொன்னேன்.”

சுமியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உங்கப்பா செத்த வாரமும் எழுதினே. கையெழுத்துக் கோணல்மாணலா இருந்துச்சு. அந்த எண்ணு சரியா இருக்குமான்னு நானே படகுல போய் வெப்பமானியை விட்டுப் பாத்தேன். புள்ளி கூடப் பிசகல. அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன். இவ என் வலையைப் பிடுங்குனவதான், ஆனா பொய் எழுத மாட்டா. அதுக்கப்புறம் நான் வெப்பமானியைத் தொட்டதே இல்லை. துருப்பிடிச்சுப் போச்சு அது.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்றாள் சுமியே. தன் வாயிலிருந்து அது வந்தது என்று அவளாலேயே நம்ப முடியவில்லை. “ஒரே ஒரு வார்த்தை. பதினாறு வருஷத்துல.”

யோஹேய் உண்மையாகவே திகைத்துப்போய் நின்றார். “என்னத்தைச் சொல்றது? அதான் சீல் குத்தினேன்ல?”

“சீல்…”

“சீல் குத்தினா படிச்சேன்னு அர்த்தம். வாரா வாரம் குத்தினேன். காய்ச்சல்ல கெடந்தப்பகூடத் தமாயோவைக் குத்த விடாம நானே குத்தினேன். இதுக்கு மேல ஒருத்தன் என்னத்தைச் சொல்லுவான்? நீ இந்த ஊர்க்காரிதானே?”

ஒருவர் தன்னோடு இவ்வளவு நேரம் பேசி எத்தனை வருடம் ஆயிற்று என்றுதான் அவளுக்குத் தோன்றியது. திட்டு நின்றுவிடுமோ என்று பயமாகக்கூட இருந்தது.

நின்றுவிட்டது. யோஹேய் மூக்கை உறிஞ்சினார், கடலைப் பார்த்தார். வெளிமுனையில் அவருடைய மிதவைகள் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தன. பிறகு, “மொண்டாச்சா?” என்றார்.

சுமியே வாளியை மேலே இழுத்தாள். வெப்பமானியை விட்டாள். இரண்டு நிமிடம் இருவரும் நின்றார்கள். அவள் குனிந்து பார்த்தாள்.

“பதினாறு புள்ளி நாலு.”

“நகரு.” யோஹேய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டுக் குனிந்தார். மூக்கு நீரில் படும் அளவுக்குக் கண்ணாடிக் குழாயை உற்றுப் பார்த்தார். நிமிர்ந்தார். “ம். நாலுதான்.”

பூட்ஸைத் தேய்த்துக்கொண்டு பத்தடி நடந்தவர் திரும்பினார்.

“உன் எண்ணை இனிமே நான் நம்ப மாட்டேன், சுமியே. சாகுற வரைக்கும் நம்ப மாட்டேன். அடுத்த புதன்கிழமையும் வந்து நானே பாப்பேன். அதுக்கு அடுத்த புதன்கிழமையும் வருவேன்.”

“வாங்க,” என்றாள் சுமியே. “நம்பாதீங்க. கட்டாயம் வாங்க.”